இறங்காத கல்

பிரிஞே குன்றின் மேலிருந்து கூலிப்படைக்காரர்கள் எறிந்த கற்களில் எல்லாமே கீழே விழவில்லை. பெரும்பாலானவை விழுந்தன. விழுந்தவற்றால் பிரான்ஸ் அரசரின் படை ஒரே காலைப் பொழுதில் கலகலத்துப்போனது ஊரறிந்த விஷயம். விழாதவற்றைப் பற்றிச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சில கற்கள், யாருடைய தலையைக் குறிவைத்து வந்தனவோ அந்தத் தலைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் நின்றுவிட்டன. ஆள் ஓடினால் கூடவே ஓடின. ஆள் குனிந்தால் அவையும் தாழ்ந்தன. அப்படி ஒன்று வெர்னே ஊர்த் திராட்சைக் குடியானவன் ஜோசரானுக்கு வாய்த்தது. அந்த வருஷம் தவக்காலம் முழுக்கக் குளிர் விடவில்லை. உப்புமீன் விலை ஏறியிருந்தது, முட்டைக்கோஸ் மலிவாகக் கிடைத்தது.

கல் என்றால் எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும்போதெல்லாம் திராட்சைச் சரிவுகளில் கல் மேலே வந்துவிடும். போன வருஷம் சுத்தமாகப் பொறுக்கிய நிலத்தில் இந்த வருஷம் புதிதாக முளைத்துக் கிடக்கும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது என்பதில்தான் வம்பு. அவரவர் கல் அவரவர் எல்லைக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கற்குவியல், தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, கொடி வைக்க வேண்டிய இடத்தைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்குள் ஒரு கல் உருண்டால் இரண்டு வீடுகள் கல்யாணம், சாவு என்றால்கூடப் பேசிக்கொள்ளாது. தன் நிலத்துக் கல்லை எவளும் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவாள், தன் வீட்டுப் பானையைச் சொல்வதைப்போல. ஜோசரானின் மனைவி கிகோனின் மேற்குச் சரிவில் கிடைத்த கற்களில் சிவப்பாக ஒரு நரம்பு ஓடும். வேறு யார் நிலத்திலும் அது இல்லை.

குளிர் முடிந்திருக்க வேண்டிய சமயத்தில் கூலிப்படைக்காரர்கள் வந்து பிரிஞே கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜாக்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டதால் வேலையற்றுப்போனவர்கள். காஸ்கோன்காரன், ஆங்கிலேயன், ஜெர்மானியன் என்று எல்லாச் சாதியும் அதில் உண்டு. வந்த கையோடு கோழிகளைப் பிடித்தார்கள், திராட்சைக் கொம்புகளைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். பிறகு ஒருநாள் அவர்களுடைய ஆள் ஒருவன் ஊர் ஊராக வந்து, யாருக்கு வேண்டாத கல் இருந்தாலும் குன்றின் உச்சியில் கொண்டுவந்து கொட்டலாம், கொட்டுகிறவர் தோட்டத்துக் கொம்பை இனி யாரும் தொடமாட்டார்கள் என்று அறிவித்தான். ஊர் முழுக்க அன்று சந்தோஷத்தில் மிதந்தது. கல்லைக் கொட்ட இடம் தருகிற முட்டாள்களை எங்கள் சனம் அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே சுவர் கட்டப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கட்டிக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று முதுகுக் கூடைகளை மாட்டிக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். எல்லோரையும் விட அதிகமாக ஏறி இறங்கியவள் கிகோன். மாமனார் காலத்துக் குவியல் அவளுடையது. அது இருந்த இடத்தில் புதுக் கொடி நட்டால் கணவன் திரும்பி வந்து பார்த்து வாயைப் பிளப்பான் என்று நினைத்துக்கொண்டே சுமந்தாள்.

கணவன் அப்போது லியோன் நகரத்தில் இருந்தான். கழுதையில் மது ஏற்றிக்கொண்டு விற்கப் போனவனை அரசரின் ஆட்கள் கழுதையோடு பிடித்துப் படையில் சேர்த்துவிட்டார்கள். ஆளுயரக் கேடயம் ஒன்றைக் கொடுத்து, வில்லாளிக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் உன் வேலை என்றார்கள். வீட்டுக்குச் சொல்லியனுப்ப ஆள் கிடைக்கவில்லை. குன்றின் மேல் ஆட்கள் கொஞ்சம்தான், ஏறினால் ஓடிவிடுவார்கள் என்று வேவு பார்த்தவர்கள் பிரபுக்களுக்குச் சொன்னார்கள். உச்சிக்குப் பின்னால் ஆட்கள் படுத்திருந்ததையும், அவர்கள் பக்கத்தில் சுற்று வட்டாரத்துத் தோட்டங்களின் கல்லெல்லாம் குவிந்திருந்ததையும் யாரும் சொல்லவில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரத்தில் படை குன்றேறியது. கல் மழை வந்தது. பிரபுக்களின் தலைக்கவசங்கள் தகரச் சட்டியாக நசுங்கின. ஜோசரான் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடி, ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கும்போதுதான், எல்லோரும் தன் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே பார்ப்பதைக் கவனித்தான்.

கிகோன் அவனைப் பார்த்தபோது பீன்ஸ் விதைக்கக் குழி போட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு வந்தானே என்று ஓடியவள் பாதி வழியில் நின்றாள். கல்லின் பக்கவாட்டில் சிவப்பு நரம்பு ஓடியது. அதைத் தோண்டி எடுத்தபோது நகம் பெயர்ந்து, அந்த விரலில் அவள் இன்னும் துணி சுற்றியிருந்தாள். விரலைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் வாசற்படியில் குனிந்து நுழைந்தான். கல்லும் குனிந்து நுழைந்தது.

கல்லின் குணம் ஒரு வாரத்துக்குள் பிடிபட்டுவிட்டது. ஜோசரான் நடந்துகொண்டிருந்தால் அது முழ உயரத்திலேயே இருக்கும். நின்றாலோ உட்கார்ந்தாலோ மெல்ல இறங்கத் தொடங்கும். ஒரு கிண்ணம் சூப் ஆறுகிற நேரத்தில் தலைமுடியைத் தொட்டுவிடும். எழுந்து நாலு எட்டு வைத்தால் மறுபடி மேலே போகும். ஓக் மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தான். கல் மேசையைப் பாலாடைக்கட்டி மாதிரி அழுத்திக்கொண்டு உள்ளே வந்தது. ஊரின் பலசாலிகள் மூன்று பேர் கோவில் மணிக்கயிற்றில் தொங்குவதைப்போல அதில் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள், பாதிரியார் கிஷார் உட்பட. கிகோன் மட்டும் தொடவில்லை. பயந்த சுபாவம் போலும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பாதிரியார் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, விழுந்த கல்லைப் பற்றித் திருச்சபைக்கு நிறையக் கருத்து உண்டு, விழாத கல்லைப் பற்றி எதுவும் இல்லை என்றார். பூசை நேரத்தில் ஜோசரான் தூண்களைச் சுற்றி நடந்துகொண்டிருக்க அனுமதி தந்தார். அவனுக்கு நற்கருணை கொடுக்க அவரும் கூடவே நடந்தார்.

அவன் தூங்கியதெல்லாம் துண்டு துண்டாகத்தான். கண்ணசந்ததும் கிகோன் கட்டில் பக்கத்தில் நின்று கல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள். முடியைத் தொடும்போது உலுக்கி எழுப்பி, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கவிடுவாள். மூன்று ஊர் தள்ளி அதேபோல் கல்லோடு திரும்பிய ஒருவன், எழுப்ப ஆளில்லாமல் வைக்கோல் மேல் அசந்துவிட்டான் என்றும், ஆட்டைத் தேடி வந்தவர்கள் அவனைக் கண்டார்கள் என்றும் செய்தி வந்தது. ஜோசரானின் கண்கள் உள்ளே போய்விட்டன. பேச்சு குழறியது. கொடி கட்டும்போது கொடிக்குப் பதில் தன் விரலைக் கொம்போடு சேர்த்துக் கட்டினான். கிகோனுக்கும் தூக்கமில்லை. பார்க்கப்போனால் அந்த வீட்டில் அடுப்புப் பூனை ஒன்றுதான் ஒழுங்காகத் தூங்கியது.

திராட்சை பூவெடுக்கும் சமயத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்து, வந்த யோசனை பிடிவாதமாகிவிட்டது. எறிந்தவனைக் கண்டுபிடிக்க வேண்டும். கூலிப்படை ரோன் நதியோடு தெற்கே இறங்கி, போப்பாண்டவர் இருக்கும் அவினியோன் பக்கம் போய்விட்டதாகப் பேச்சு. ஒருநாள் காலை செருப்பில் புதுத் தோல் வைத்துத் தைத்துக்கொண்டு, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே மனைவியிடம் சொன்னான்.

“ஏ புள்ள, ரொட்டி கட்டிக் குடு. தெக்க போறேன்.”

“போயி?”

“எறிஞ்சவனப் புடிக்கப் போறேன். அவன் எறிஞ்சத அவனே எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”

“வழியில கண்ணசந்தா யாருய்யா எழுப்புவா?”

“நடந்துக்கிட்டே இருப்பேன்.”

அவன் அவினியோன் போய்ச் சேரமாட்டான், பக்கத்து ஆற்றுப்படுகையைக் கூடத் தாண்டமாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் விட்டால் ஆள் போவான். சொன்னால் ஆள் இருப்பான், ஆனால் அவளுக்கு இருப்பானா என்று தெரியாது. செருப்புக்கு வெட்டி மிஞ்சிய தோலைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றாள்.

“எறிஞ்சவன விடு. சொமந்தது யாருன்னு கேளு.”

“என்ன ஒளர்ற?”

“அதுல செவப்பு நரம்பு ஓடுது. உன்னால பாக்க முடியாது, நான் பாத்தேன். நம்ம மேக்குச் சரிவுக் கல்லு. நாந்தான் கூடையில வச்சுக் கொண்டுபோயி மேல கொட்டுனேன். சிரிச்சுக்கிட்டே கொட்டுனேன்யா.”

ஜோசரான் நடப்பதை நிறுத்தினான். குவியல் இருந்த இடத்தில் கிகோன் நட்ட புதுக் கொடிகளை அவன் வந்த அன்றே பார்த்திருந்தான். கல்லெல்லாம் எங்கே போனது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அந்தக் கொடிகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எல்லாவற்றையுமா என்று கேட்டான். எல்லாவற்றையும்தான் என்றாள். சுவர் கட்டப்போகிறார்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள். அந்த நேரத்தில் அது அவளுக்கே மட்டமாகக் கேட்டது. அவன் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“எந்திரிய்யா.”

“விழட்டும்.”

“எந்திரின்னு சொல்றேன்ல.”

“உன் கல்லு தானே. விழட்டும்.”

கையைப் பிடித்து இழுத்தாள், திட்டினாள், காலைப் பிடித்துக் கெஞ்சினாள். ஆள் வேரோடியது போல் உட்கார்ந்திருந்தான். கோபமும் தூக்கமும் சேர்ந்தால் மனிதனை அசைக்க முடியாது. கல் இறங்கிக்கொண்டிருந்தது. முடியைத் தொட்டது. அவள் யோசித்தெல்லாம் செய்யவில்லை. சுவரில் தொங்கிய முதுகுக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் தலைக்கும் கல்லுக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்துக் குனிந்தாள். அவன் மண்டைக்குப் பதில் தன் முதுகெலும்பு போகட்டும் என்பதுதான் அப்போது இருந்த ஒரே எண்ணம். கல், போன மாசிக் குளிரில் அவள் போட்டபோது எழுப்பிய அதே சத்தத்தோடு கூடைக்குள் உட்கார்ந்தது. அதே கனம்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். ஜோசரான் உட்கார்ந்த நிலையிலேயே வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் மாலை வரை அவன் எழுந்திருக்கவில்லை. அதுவரை அவள் கூடையை இறக்காமல் முற்றத்திலும் தோட்டத்திலும் நடந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஏற்பாடு இப்படி ஆனது. கிகோன் கூடையை மாட்டிக்கொண்டு காலில் நிற்கும்வரை கல் அவள் முதுகில் இருக்கும். அவள் உட்கார்ந்தாலோ கூடையைக் கழற்றினாலோ எழும்பி நேராக ஜோசரானைத் தேடிப் போகும். ஆகவே அவன் தூங்கும்போது அவள் சுமந்துகொண்டு வேலை பார்த்தாள். அவள் தூங்கும்போது அவன் கல்லைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நடந்தான். முதல் அறுவடை வரை அவன் அவளிடம் பேசவில்லை. கோபித்துக்கொண்ட கணவன் மனைவிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது. பிறகு கோபம் எப்போது ஆறியது என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. ஒருநாள் அவள் எழுந்தபோது சூப் கிண்ணத்தின் மேல் ரொட்டித் துண்டு மூடியிருந்தது. இன்னொரு நாள் அவன் எழுந்தபோது கிழிந்த காலுறை தைத்துக் கிடந்தது. கல்லைக் கைமாற்றும் நேரம் ஒன்றுதான் அவர்கள் இருவரும் விழித்திருக்கிற நேரம். அவன் உட்கார, அவள் முதுகைத் திருப்பிக் குனிய, கல் இறங்கும்வரை பேசிக்கொள்வார்கள். கொடியை எவ்வளவு கழிப்பது, ஆட்டுக்கு ஏன் இருமல் என்பதுதான் பேச்சு. முகம் பார்த்துப் பேச அந்த நிலையில் வழியில்லை. கொள்ளைநோய் வருஷத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு அது. மறுபடி ஒரு தொட்டில் கட்ட வேண்டும் என்ற ஆசை கிகோனுக்கு உண்டு. ஆனால் கட்டிலில் ஒருவர் விட்டுப்போன சூட்டில்தான் மற்றவர் படுத்தார். கட்டில் ஒருநாளும் ஆறவில்லை, இருவரும் ஒருநாளும் அதில் சேர்ந்து படுக்கவில்லை. அதை நினைத்து அவள் சில காலைகளில் கொடிகளுக்கு நடுவில் சத்தமாகவே அழுதாள். அழுதபடி நடந்தாள், உட்கார முடியாதே.

செய்தி வெளியே போனது. ஃபொரே பக்கத்திலிருந்து ஒருவன் தலைக்கு மேல் சாம்பல் நிறக் கல்லோடு வந்து, இது யார் நிலத்துக் கல் என்று தெருத் தெருவாகக் கேட்டான். பெரோனெல் என்பவளுடைய கல் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் மட்டும் கன்னி மாதா மேல் சத்தியம் செய்து மறுத்தாள். மறுத்துவிட்டுத் துவைத்த துணிக் கூடையோடு குனிந்தபோது கல் தானாக வந்து துணி மேல் உட்கார்ந்தது. அந்த வருஷத்திலிருந்து வெர்னேயில் ஓரிரு வீடுகளில் வெளியூர் ஆண்கள் பகலில் தூங்குவதும், அந்த வீட்டுப் பெண்கள் கூடையோடு நடப்பதும் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் விசித்திரம். பெரோனெலின் கணவன் சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். வந்தவன் நன்றாகக் கொடி கழிப்பான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டான்.

இப்படிச் சில அறுவடைகள் போயின. கிகோனின் முதுகு வளையத் தொடங்கியிருந்தது. கோடையின் நடுவில் ஒரு முற்பகல், ஜோசரான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான், அவள் மேற்குச் சரிவில் இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது ஒருவன் வலது கையை வானத்தை நோக்கித் தூக்கியபடி பாதையில் வந்தான். யாரையோ கூப்பிடுகிறான் என்று அவள் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. அவன் அருகில் வந்தான். கை இறங்கவில்லை. அந்தப் பக்கத்துச் சட்டைக் கையைக் கிழித்துத் தோளோடு தைத்திருந்தான். உள்ளங்கையில் முந்தைய நாள் மழைநீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. இடுப்பில் கத்தி தொங்கியது. அவன் பெயர் அர்னோத், காஸ்கோன்காரன், குன்றின் மேல் இருந்தவர்களில் ஒருவன். எறிந்த கல் விழாததால் எறிந்த கை இறங்கவில்லை. இத்தாலிவரை படையோடு போயிருக்கிறான். புதருக்குள் மறைந்திருக்கும்போதெல்லாம் இந்தக் கை மட்டும் மேலே தெரிந்து எல்லோரையும் காட்டிக்கொடுத்ததால், கடைசியில் தோழர்களே அடித்துத் துரத்தினார்கள். அதன் பிறகு, விழாத கற்கள் இருக்கிற ஊரைக் கேட்டுக் கேட்டு வந்துவிட்டான்.

“தாயி, அது என் கல்லு.”

“என் கல்லு,” என்றாள் கிகோன், நடந்தபடி.

“செவப்பா நரம்பு இருக்கும். எடுக்கும்போது இறைச்சின்னு நெனச்சேன். அவ்வளவு பசி அன்னைக்கி.” அவன் அவளோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினான். “அது விழணும் தாயி. விழுந்தாத்தான் என் கை எறங்கும்.”

“விழுந்தா என் வீட்டுக்காரன் தலையிலதான் விழும்.”

“தெரியும்.”

“எறிஞ்சப்ப அவன் மூஞ்சியப் பாத்தியா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “இல்ல தாயி. மேல இருந்து பாத்தா எல்லாம் தொப்பிதான்.”

கூடையைக் கழற்று என்றான். மாட்டேன் என்றாள். அவள் ஒரு வரிசையில் ஏறினாள், அவனும் ஏறினான். அவள் இறங்கினாள், அவனும் இறங்கினான். அவன் கத்தியைத் தொடவில்லை, ஆனால் இடது கை சும்மாத்தான் இருந்தது, வார்களை அறுக்க ஒரு நொடி போதும் என்பது இருவருக்கும் தெரியும். கத்திக் கூப்பிட்டால் ஜோசரான் எழுந்து ஓடி வருவான், வந்தால் இவன் கைக்கு முன்னால் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பான். ஆகவே அவள் கூப்பிடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவன் கெஞ்சினான், மிரட்டினான், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றான். ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு படுத்தால் எப்படித் தூக்கம் வரும், நீயே சொல் என்றான். தூக்கத்தைப் பற்றி என்னிடம் சொல்லாதே என்று அவள் எரிந்து விழுந்தாள். இப்படியே தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தவர்கள், கிகோன் புதிதாகக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புதுக் கொடி வரிசையில் திரும்பும்போது அவளுக்குக் கால் பிசகியது. முழங்காலில் விழுந்தாள், கூடை கவிழ்ந்தது. கல் தரையில் உருளவில்லை. நிதானமாக மேலே எழும்பி, வீடு இருக்கும் திசையைப் பார்த்துக் கிளம்பியது. ஆள் நடக்கிற வேகம்தான். தட்டுத் தடுமாறி எழுந்தவளுக்குக் கணுக்கால் பாரத்தைத் தாங்கவில்லை, மறுபடி விழுந்தாள். இப்போது ஜோசரானின் பெயரைச் சொல்லிக் கத்தப் பார்த்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. தூங்குகிறவன் தலைக்கு மேல் போய், ஒரு கிண்ணம் சூப் ஆறுகிற நேரம். அதற்குள் ஊர்ந்து போய்ச் சேர முடியாது.

கல் போகிற வழியில் அர்னோத் நின்றிருந்தான். அவன் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. ஓரடி விலகினால் போதும், அன்று மாலைக்குள் அவன் கை தொடையோடு சேர்ந்திருக்கும். அவன் கல்லைப் பார்த்தான், புழுதியில் கையூன்றி நகர்ந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தான். கல் சரியாக அவன் தூக்கிய கையின் உயரத்தில் வந்தது. உள்ளங்கைத் தண்ணீரை வழியவிட்டு விரல்களை மடக்கினான். கல் அவன் கையில் நின்றது. ஏன் பிடித்தாய் என்று பின்னாளில் பாதிரியார் உட்படப் பலர் அவனைக் கேட்டிருக்கிறார்கள். கைக்கு எட்டியது, பிடித்தேன் என்பதற்கு மேல் அவன் எதுவும் சொன்னதில்லை.

கிகோன் கொம்பு ஒன்றைப் பிடுங்கி ஊன்றிக்கொண்டு எழுந்தாள். கல் நகர்கிறதா என்று பார்த்தாள். நகரவில்லை. அவனிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் அவன் மனசு மாறிவிடுமோ என்ற பயம். நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த அசைவில் ஜோசரான் விழித்துக்கொண்டான். பழக்கத்தில் முதலில் தலைக்கு மேலே பார்த்தான். ஒன்றும் இல்லை. பிறகு அவள் முதுகைப் பார்த்தான். கூடை இல்லை.

“எங்க அது?”

“எறிஞ்சவன் வந்திருக்கான். அவன் கையிலதான் இருக்கு.”

திறந்திருந்த கதவு வழியாகத் தோட்டம் தெரிந்தது. கொடிகளுக்கு நடுவில், வெயிலில், ஒருவன் கல்லை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தான். ஜோசரான் வெகு நேரம் அவனைப் பார்த்தான். இவனைத் தேடித்தான் ஒரு காலத்தில் செருப்புத் தைத்தான்.

“விட்டுருவானா?”

“தெரியல.”

“அப்ப என்ன செய்யறது?”

“தள்ளிப் படுய்யா,” என்றாள் கிகோன்.

அவன் தள்ளிப் படுத்தான். அவள் வீங்கிய காலை மெல்லத் தூக்கி வைத்துப் பக்கத்தில் படுத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உடம்பு இவ்வளவு சூடானது என்பதை அவள் மறந்துபோயிருந்தாள், அவள் மூச்சில் திராட்சை இலை வாசம் அடிக்கும் என்பதை அவனும் மறந்துபோயிருந்தான். எவ்வளவு முயன்றும் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. முதலில் அவள் தூங்கினாள், பிறகு அவன் தூங்கினான். மாலைப் பூசை மணி அடித்தபோதுதான் விழித்தார்கள். இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

கிகோன் வெளியே போய்ப் பார்த்தாள். அர்னோத் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். சிட்டுக்குருவி ஒன்று கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. கை வலிக்கிறதா என்று கேட்டாள்.

“சும்மா தூக்கிட்டுத் திரிஞ்சப்பதான் தாயி வலிச்சது,” என்றான் அவன்.

அவள் உள்ளே போய் முட்டைக்கோஸ் சூப்பை அடுப்பில் வைத்தாள். உப்புப் போதுமா என்று பார்த்துவிட்டு, மேசையில் மூன்று கிண்ணங்கள் வைத்தாள்.